ராக்கெட் சீறினால் தரையில் விழுகிறவர் கோழையா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். என் கணவர் 18 வயதில் ஆர்ட்டிலரியில் (பீரங்கிப் படையில்) சேர்ந்தவர், 20 வயதில் கார்கில் சண்டையின்போது திராஸில் இருந்தார். ஹவில்தாராக ரிடையர் ஆகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ஒரு வங்கியில் செக்யூரிட்டி வேலை, அதற்கான லைசென்ஸ் துப்பாக்கி வீட்டு பீரோவில் இருக்கிறது. சர்வீஸில் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தார். வந்த பிறகுதான் தூக்கமே இல்லை. தினமும் கேன்டீன் ரம் குடித்துவிட்டுப் படுப்பார், மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். தூக்கத்தில் “நீச்சே, நீச்சே” என்று கத்துவார். அணுகுண்டு வெடித்தால்கூட அசையாதவர், போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் விட்ட ராக்கெட் சாய்ந்து வாசலில் சீறிக்கொண்டு போனதும் எல்லார் முன்னாலும் குப்புற விழுந்துவிட்டார். என் கொழுந்தனார் சிரித்துவிட்டு, “இதுதான் கார்கில் வீரமா?” என்றார். அன்றிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போவதில்லை. டிவியை அலறவிடுகிறார், நான் மெதுவாகப் பேசினால் எரிந்து விழுகிறார். ஜூலையில் கார்கில் வெற்றி நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்வார். இப்போது 18 வயது மகன் அக்னிவீரில் சேரப்போகிறேன் என்று காலையில் ஓடிப் பழகுகிறான். அதைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டை விட்டெறிந்துவிட்டார். அவர் பயந்துபோய்விட்டாரா டாக்டர்? ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் “நான் என்ன பைத்தியமா?” என்கிறார். பையனை அனுப்பலாமா, கூடாதா? பெயர் வேண்டாம்.

பதில்: சகோதரி, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். துப்பாக்கி வீட்டு பீரோவில் இருக்கிறது என்கிறீர்கள். தூக்கம் கெட்டு, தினமும் குடித்து, சொந்தக்காரர்கள் முன்னால் அவமானப்பட்டு, யாரோடும் பேசாமல் இருக்கிற ஒரு மனிதரின் கைக்கு எட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டாம். அவரை நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு யாருக்கும் ஒரு கெட்ட நேரம் வரும், பெரும்பாலும் அது சில நிமிஷத்தில் தணிந்தும்விடும், தணிகிறவரை கையில் எதுவும் அகப்படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நீங்களாக எடுத்து ஒளித்து வைக்காதீர்கள், அது சண்டையில் முடியும், சட்டப்படியும் சிக்கல். அவரோடு சர்வீஸ் செய்த நண்பர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். வேலை நேரம் போக மற்ற நேரம் வங்கியிலேயே வைக்க முடியுமா என்று மேனேஜரிடம் கேட்கலாம். இல்லையென்றால் தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார்களே, அந்த மாதிரி கொஞ்ச நாளைக்கு ஒப்படைக்க வழியிருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

அப்புறம், அவர் நிதானமாக இருக்கிற ஒரு நேரம் பார்த்து, “செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று வீட்டுப் பெண்கள் எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், ராத்திரியாக இருந்தால் 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்தும் இலவச எண், தமிழிலேயே பேசுவார்கள், 24 மணி நேரமும் உண்டு.

சரி, ராக்கெட்டுக்கு வருவோம்.

அணுகுண்டுக்கு அசையாத மனிதர் ராக்கெட்டுக்கு விழுந்தார் என்று நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரியில் பாதி விஷயம் வந்துவிட்டது. பீரங்கிக்காரர் காதுக்கு இரண்டு விதமான சத்தம் உண்டு. தன் பீரங்கி சுடுகிற சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயம் இல்லை, அது போகிற குண்டு. வருகிற குண்டு வேறு, அது முதலில் சீறும், அப்புறம்தான் வெடிக்கும். 1999 மே, ஜூன் மாதங்களில் திராஸுக்கு மேலே டோலோலிங், டைகர் ஹில் மாதிரியான சிகரங்களில் எதிரி உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் ஸ்ரீநகர் – லே சாலையில் போகிற லாரி தெரியும், பார்த்துச் சொல்லிச் சொல்லிக் குண்டு போட வைத்தார்கள். கீழே நம் பையன்கள், பத்தாயிரம் அடிக்கு மேல் மூச்சு வாங்குகிற இடத்தில், போஃபர்ஸ் பீரங்கிக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 43 கிலோ எடையுள்ள குண்டுகளை ராப்பகலாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சீறல் கேட்டதும் விழ வேண்டும். யோசித்துவிட்டு விழலாம் என்றால் நேரம் போதாது. அதனால் அந்த வேலையை மூளையின் யோசிக்கிற பகுதியிடம் விடாமல் உடம்பு தானே எடுத்துக்கொள்கிறது. இருபது வயதில், உயிர் போகிற பயத்தோடு படித்த பாடம் ஐம்பதை நெருங்கும்போதும் மறப்பதில்லை. உங்கள் கொழுந்தனார் சிரித்தாரே, அந்த ஒரு விநாடியில் விழத் தெரிந்ததால்தான் அவருடைய அண்ணன் 1999-ல் வீடு வந்து சேர்ந்தார் என்று அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நேரில் பார்க்காமல் இன்ன நோய் என்று முத்திரை குத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற கனவு, திடுக்கிடல், எரிச்சல், ஆட்களைத் தவிர்ப்பது, ஜூலை வந்தால் சுருண்டுகொள்வது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் பாஷையில் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநோய்) என்கிற பக்கம்தான் கை காட்டுகிறது. 1980-ல்தான், வியட்நாம் சண்டைக்குப் பிறகு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது. நோய் அதற்கு ரொம்ப முந்தியது. முதல் உலகப் போரில், 1915-ல், மையர்ஸ் என்கிற ஆங்கிலேய டாக்டர் இதை ‘ஷெல் ஷாக்’ என்று எழுதினார். குண்டுவெடிப்பின் அதிர்ச்சி மூளையைக் குலுக்கிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள், பிறகு பார்த்தால் குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இல்லாதவர்களுக்கும் அது வந்தது. அதே போரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களையே, ஓடிப்போனான், கோழைத்தனம் காட்டினான் என்றெல்லாம் குற்றம் சாட்டி விடியற்காலையில் கம்பத்தில் கட்டிச் சுட்டது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-ல் அதே நாடு மன்னிப்பு வழங்கியது. அவர்களில் பதினேழு வயதுப் பையனும் உண்டு. கை நடுங்குகிறவனைக் கோழை என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்று ஒத்துக்கொள்ள அவர்களுக்குத் தொண்ணூறு வருஷம் ஆனது. கொழுந்தனார் தீபாவளியன்று வாசலில் நின்றுகொண்டு ஒரே நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சர்வீஸில் இருந்தவரை நன்றாக இருந்தார் என்கிறீர்கள். இதை நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நான் சில வருஷம் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தவன். பட்டாளத்தில் காலை ஐந்து மணிக்கு விசில், பி.டி., பரேடு, ராத்திரி ரோல் கால், பக்கத்துக் கட்டிலில் நம்மைப் போலவே தூங்காத இன்னொருத்தன். எல்லாரும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பவர்கள்தான், அங்கே அது விசித்திரமே இல்லை. ரிடையர் ஆகி ஊருக்கு வந்தால் அந்தச் சட்டகம் முழுவதும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. பதினேழு வருஷம் யோசிக்க நேரமில்லாமல் ஓடிய மனிதருக்கு, ஏ.டி.எம். வாசலில் எட்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து யோசிக்கிற வேலை கிடைக்கிறது. (முன்னாள் படைவீரர்களுக்கு நாம் ஒதுக்கி வைத்திருக்கிற வேலையைப் பாருங்கள். கதவையே பார்த்துக்கொண்டு எப்போதும் உஷாராக இருக்க வேண்டிய வேலை. எதைக் குறைக்கச் சொல்லி நான் மாத்திரை எழுதுகிறேனோ, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.)

இன்னொன்று, டிவி சத்தம். அவரை முதலில் காது டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பீரங்கிக்காரர்களில் பலருக்கு மெல்லிய பேச்சு கேட்காது, காதுக்குள் ஓயாமல் ‘ங்ஙொய்’ என்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் அடுப்படியிலிருந்து சொல்வது அவருக்குப் பாதி கேட்கிறது, மீதியை ஊகிக்கிறார், தப்பாக ஊகிக்கிறார், என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்துக் கத்துகிறார். வருஷக்கணக்காகக் கோபம் என்று நினைத்தது செவிட்டுத்தனமாக இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தவிர, இதில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. மனநல டாக்டர் என்றால் வராதவர் காது டாக்டர் என்றால் வருவார்.

இப்போது வீரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் நடுவில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. அவர் பயந்துவிட்டாரா என்று கேட்கிறீர்கள். பயந்தார். திராஸில் பயப்படாமல் இருந்தவன் என்று ஒருவனை நீங்கள் காட்டினால் நான் அவனைத்தான் முதலில் பரிசோதிப்பேன். மருத்துவமனையில் என்னிடம் வந்த பையன்களிடம், சுடுகிறார்கள் என்று தெரிந்தும் எப்படிப்பா மேலே ஏறினாய் என்று கேட்டிருக்கிறேன். கொடி, தேசம் என்று பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். “பக்கத்துல இருந்தவன் ஏறினான் சார்” என்பார்கள், அவ்வளவுதான். பத்தொன்பது, இருபது வயதில் மூளையில் ஆபத்தை எடைபோடுகிற பகுதி இன்னும் முழுசாக முற்றியிருக்காது, இருபத்தைந்து வயது வரைக்கும்கூட அது வளர்ந்துகொண்டிருக்கும். அதிலும் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வயதில் துணிச்சல் ஒரு படி கூடுகிறது. உலகத்தில் எல்லாப் பட்டாளமும் அந்த வயதில் ஆளெடுப்பதற்கு உடம்பு பலம் மட்டும் காரணம் இல்லை. டைகர் ஹில்லில் உடம்பெல்லாம் குண்டு துளைத்த பிறகும் ஏறிய யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. அவருக்குப் பரம் வீர் சக்ரா அறிவித்தபோது இறந்துபோனவர் என்றே அறிவித்துவிட்டார்கள், இறந்தது அதே பெயருள்ள இன்னொரு சிப்பாய், இவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். அந்த வீரம் பொய்யில்லை. ஆனால் அந்த நொடியில் கடன் வாங்கிச் செலவழித்த தைரியத்துக்கு, வட்டி பிறகு வருகிறது, அதைக் கட்டுகிறவர் நாற்பத்தேழு வயதில் தனியாக உட்கார்ந்து கட்டுகிறார்.

அவர் ஏன் பள்ளிக்கூடத்தில் பேசுவதில்லை என்பதற்கு என் ஊகம் இதுதான். அங்கே கேட்பது கைதட்டலில் முடிகிற கதை. அவரிடம் இருப்பது அப்படி முடியவில்லை. கார்கிலில் நம் பக்கம் இறந்தவர்கள் 527 பேர். அதில் ஒருவரோ சிலரோ அவருக்குப் பெயர் தெரிந்தவர்களாக, ஒரே தட்டில் சாப்பிட்டவர்களாக இருந்திருக்கலாம். அவர்கள் போனார்கள், நான் இருக்கிறேன், எனக்கு எதற்குச் சால்வை என்கிற உறுத்தல் இந்த மனிதர்களிடம் சர்வசாதாரணம். அதை மேடையில் சொல்ல முடியாது. வீட்டிலும் சொல்ல முடியாது, ஏனென்றால் வீட்டில் அவர் ‘கார்கில்காரர்’.

நீங்கள் வேலூர் பக்கம் என்பதால் சொல்கிறேன். லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, காய்கறி வாங்குகிற அவசரத்தில் யாரும் நின்று படிப்பதில்லை. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. நான் அதைப் படிக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்குப் போடுவேன், 263. அவர்கள் திரும்பி வந்து எப்படித் தூங்கினார்கள், யாரிடம் எரிந்து விழுந்தார்கள், அவர்கள் பெண்டாட்டிகள் யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

வைத்தியம் உண்டா என்றால், உண்டு. இத்தனை வருஷம் கழித்துமா என்று கேட்பீர்கள், கழித்தும் உண்டு. இதற்கென்று பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரோடு உட்கார்ந்து, வாரம் ஒரு முறை, ஏறக்குறைய மூன்று மாசம், அந்த நினைவை ஓரத்திலிருந்து மெதுவாகத் தொட்டுத் தொட்டுப் பேசுகிற சிகிச்சைதான் முதல். நினைத்தாலே உடம்பு உதறுகிற விஷயம், பலமுறை பாதுகாப்பான இடத்தில் வைத்துப் பேசப் பேசப் பழசாகிறது. மறந்துபோகாது, பழசாகும். கூடவே செர்ட்ராலின் மாதிரி மாத்திரைகள் உதவும். கெட்ட கனவுக்கு ஒரு ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பதுண்டு, சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். ரம்மோடு சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து, தவிர அதுவும் இன்னொரு பழக்கமாகிவிடும்.

ரம்மைப் பற்றி: அவர் மூன்று மணிக்கு எழுவதில் ரம்முக்கும் பங்கு உண்டு. சாராயம் தூங்க வைக்கும், அது இறங்குகிற நேரத்தில் தானே எழுப்பியும் விடும். ஆனால் கோபத்தில் பாட்டிலை உடைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத ஆள் தெரிவது என்று வரலாம், அது உயிருக்கே ஆபத்தாக முடியும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

எங்கே போவது? அவருக்கு இ.சி.ஹெச்.எஸ்., அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் கார்டு இருக்கும். இல்லையென்றால் பென்ஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். வேலூரிலேயே பாலிகிளினிக் இருக்கிறது, அங்கிருந்து மனநல மருத்துவருக்கு ரெஃபரல் வாங்கலாம், செலவு உங்கள் தலையில் விழாது. “நீங்க பைத்தியம் இல்லைங்க, ஆனா டாக்டரைப் பாருங்க” என்று சொல்லாதீர்கள், அந்த வாக்கியத்தில் அவர் காதில் விழப்போவது பைத்தியம் மட்டும்தான். “தூக்கத்துக்கும் காதுக்கும் பார்த்துட்டு வரலாம்” என்றால் போதும், அது பொய்யும் இல்லை. முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். என் அறையில் நோயாளி உட்காரும் நாற்காலி முன்பெல்லாம் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் கிடக்கும். ஒரு நாள் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வந்தார், வணக்கம் சொன்னார், நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் கதவு தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அந்த நாற்காலி அங்கேதான் கிடக்கிறது. உங்கள் டாக்டர் அறையில் அப்படி இல்லையென்றால், கூச்சப்படாமல் நீங்களே நகர்த்திப் போடுங்கள்.

பையன் விஷயம். அனுப்புங்கள், அனுப்பாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவன் 18 வயது ஆண்பிள்ளை, உங்கள் ஊரில் அது ஒரு பிழைப்பு வழி, அதை ஒரு டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து கேவலமாகப் பேசக் கூடாது. ஆனால் அப்பா சேர்ந்த பட்டாளம் வேறு, இவன் சேரப்போவது வேறு என்பதை உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். 2022-ல் வந்த அக்னிவீர் திட்டப்படி பதினேழரை வயதிலிருந்து எடுக்கிறார்கள், நான்கு வருஷம், அதில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சேவா நிதி என்று சுமார் 11.7 லட்சம் வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். பென்ஷன் கிடையாது. உங்கள் கணவரை இப்போது நான் போகச் சொன்னேனே, அந்த இ.சி.ஹெச்.எஸ்., அதுவும் திட்டம் அறிவித்தபடி அவர்களுக்குக் கிடையாது. இருபத்திரண்டு வயதில் கனவோடும் காது இரைச்சலோடும் ஊருக்கு வந்து நிற்கிற பையனுக்கு எந்த கார்டு இருக்கும் என்று எனக்கே கவலையாக இருக்கிறது. ஓடிப் பழகட்டும், அதோடு ஒரு டிகிரியோ ஐ.டி.ஐ.யோ கையில் வைத்துக்கொள்ளட்டும்.

தட்டை விட்டெறிந்தது தப்புதான். ஆனால் அது என் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல வார்த்தை கிடைக்காத கை என்று எனக்குப் படுகிறது. பையனுக்குத் தெரிந்தது ரீல்ஸில் வருகிற கார்கில். வீட்டுக்குள் இருக்கிற கார்கிலை அவன் கேட்டதே இல்லை.

“நீச்சே” என்றால் இந்தியில் கீழே என்று அர்த்தம். குனி, கீழே படு என்று அவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறார், இருபத்தேழு வருஷமாக. யாருக்கு என்று நீங்கள் கேட்க வேண்டாம். இனி ராத்திரி கத்தி எழுந்தால் தொட்டு உலுக்காதீர்கள், கை ஓங்கிவிடுவார், பிறகு அதற்காக வேறு வருத்தப்படுவார். கொஞ்சம் தள்ளி நின்று விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கூப்பிடும் வழக்கம் இல்லையென்றால் எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு, “நம்ம வீடுங்க, ஊர்ல இருக்கோம்” என்று காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். சிகிச்சை தொடங்கி சில வாரம் போன பிறகு, என்றாவது ஒரு நாள் அவராகவே அந்தப் பெயரைச் சொல்வார். அப்போது பையனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.